நொங்கு வண்டியும் ஜியோஜீப்ராவும்

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பள்ளிக்குக் கணக்குக் கருவிகள் கொடுத்தது தாமிரபரணிக் கரைதான். கல்லிடைக்குறிச்சிக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவே, வயல்களை ஒட்டி இருந்த நடுநிலைப் பள்ளி அது. கூட்டல் கழித்தலுக்குப் புளியமுத்து. பத்து, நூறு என்று இடமதிப்பு காட்ட ஈர்க்குச்சிக் கட்டு. எழுதிப் பழக ஆற்று மணல். பின்னம் சொல்லித்தர, மடித்துக் கிழிக்க, மாதம் முடிந்த காலண்டர் தாள். வட்டத்துக்கு நொங்கு வண்டி.

நொங்கு வண்டியைத் தெற்கத்திப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நொங்கு தின்ற இரண்டு காய்களை ஒரு குச்சியில் கோத்துக் கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். நொங்குக் காலம் தொடங்கியதும் அந்த வண்டிகளை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்வேன். சக்கரத்தின் விளிம்பில் கரித்துண்டால் ஒரு கோடு. அந்தக் கோடு மணலைத் தொடும் இடத்தில் ஒரு குச்சி. ஒரு சுற்று உருட்டி, கோடு மறுபடி மணலைத் தொடும் இடத்தில் இன்னொரு குச்சி. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்துக்கு நூலை வெட்டி, அந்த நூலைச் சக்கரத்தின் குறுக்கே வைத்து அளந்தால் மூன்று தடவை போய்க் கொஞ்சம் மிஞ்சும். சின்ன வண்டிக்கும் மிஞ்சும், பெரிய வண்டிக்கும் மிஞ்சும். காய் சரியான வட்டமில்லை என்பதால் ஒவ்வொரு குழுவுக்கும் விடை கொஞ்சம் மாறும். யார் அளந்தது சரி என்று சண்டை நடக்கும். அந்தச் சண்டைக்குள்தான் ‘பை’ என்ற எண் அவர்களுக்கு அறிமுகமானது.

எங்கள் தலைமையாசிரியர் எந்தத் துணைக்கருவியையும் சும்மா உள்ளே விடமாட்டார். அட்டையில் செய்த கடிகாரமானாலும் சரி, கடையில் வாங்கிய படமானாலும் சரி, மூன்று கேள்வி கேட்பார். “டீச்சர், இது யாரு கையில இருக்கும், உங்க கையிலயா, பிள்ளைங்க கையிலயா? கடைசி வரிசையில இருக்கவனுக்கு இதுல என்ன கிடைக்கும்? நாளைக்கு இது இல்லாமப் போச்சுன்னா என்ன செய்வீங்க?” இதற்குப் பதில் சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு வகுப்பு நம் பொறுப்பு.

பணம் செலவில்லாத கருவியையும் சோதித்துத்தான் வகுப்புக்குள் விட வேண்டும் என்பது அந்த மனிதரிடம் நான் கற்ற பாடம். இதற்குத் தமிழ் மண்ணிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்தி வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் விடுதியிலும் அதைச் செய்யச் சொன்னார். அரிச்சுவடி வகுப்பின் ஆசிரியர் முடியாது என்று கையை விரித்துவிட்டார். பெல் அந்த வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் ஒப்படைத்தார். பிள்ளைகள் எழுத்து கற்றார்கள். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையால் இந்த முறை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பரவியது. அதே மணல், அதே பிள்ளைகள். ஒருவரிடம் பலிக்காதது இன்னொருவரிடம் பலித்தது. கருவியை மதிப்பிடுவது என்றால் அது எந்த வகுப்பில், யார் கையில், எப்படி நடந்தது என்று பார்ப்பதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் புதிய கருவிகள் வராமல் இல்லை. வானொலியில் பள்ளி ஒலிபரப்பு கேட்போம். 1963 முதல் திருநெல்வேலிக்கே ஒரு நிலையம் இருந்ததால் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒரே குரல் போய்ச் சேர்ந்தது அதன் பெருமை. புரியாத இடத்தில் நிறுத்தி இன்னொரு முறை சொல்லச் சொல்ல முடியாதது அதன் குறை. 1987இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. காந்தம், பூதக்கண்ணாடி, தராசு, உலக உருண்டை எல்லாம் பெட்டியில் வந்து இறங்கின. நல்ல பொருள்கள். ஆனால் உடைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பல பள்ளிகளில் அவை பீரோவை விட்டு வெளியே வரவில்லை. தலைமையாசிரியரின் முதல் கேள்வி அங்கேயே விடை இல்லாமல் நின்றது. பிள்ளைகள் கைக்கு வராத காந்தம் எத்தனை நல்ல காந்தமாக இருந்தும் பயனில்லை.

இன்று நிலைமை தலைகீழ். 2011இல் விலையில்லா மடிக்கணினி, 2018இல் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு, அதைப் படித்துக் காட்ட ஒன்றிய அரசின் தீக்‌ஷா செயலி, 2019இல் கல்வித் தொலைக்காட்சி, 2023இல் மணற்கேணி செயலி. இவை அரசு தந்தவை. இவற்றோடு உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் ஒரு ரூபாய் கேட்காமல் கைப்பேசிக்குள் வந்து இறங்கும் வினாடி வினா, வெண்பலகை, ஆய்வுக்கூடப் பாவனை, வினாத்தாள் தயாரிக்கும் செயற்கை நுண்ணறிவு. நான் ஓய்வு பெற்ற பிறகும் பக்கத்துப் பள்ளி ஆசிரியைகள் கைப்பேசியை நீட்டிக் கேட்கிறார்கள்: “டீச்சர், இதைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாமா?” நான் அந்தப் பழைய மூன்று கேள்விகளிலிருந்துதான் தொடங்குகிறேன்.

முதல் கேள்விக்கு ஜியோஜீப்ரா நல்ல உதாரணம். ஆஸ்திரியாவின் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கிய வடிவியல் மென்பொருள் இது; தமிழிலும் கிடைக்கிறது. ஒரு முக்கோணம் வரைந்து, மூன்று கோணங்களின் அளவையும் கூட்டுத்தொகையையும் திரையில் காட்டவைக்கலாம். இதை ஆசிரியர் ப்ரொஜெக்டரில் போட்டு, தானே இழுத்து, தானே விளக்கினால் அது இன்னொரு படம். ஒரே மடிக்கணினி இருந்தாலும் பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக வரவழைத்து, “உன்னால முடிஞ்சா 180 வராத முக்கோணம் ஒண்ணு செஞ்சு காட்டு” என்று சொன்னால் கதையே வேறு. ஒரு பையன் முனையைப் பிடித்துத் திரையின் ஓரம்வரை இழுத்தான். முக்கோணம் ஊசிபோல் ஒடுங்கியது. ஒரு கோணம் 178ஐத் தாண்டியது. “கோணமெல்லாம் மாறுது டீச்சர், கூட்டுனா மட்டும் அசைய மாட்டேங்கு” என்றான். மற்றப் பிள்ளைகள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். இன்னும் இழுத்து மூன்று முனையும் ஒரே கோட்டில் வந்தால் என்ன ஆகும் என்று ஒரு சிறுமி கேட்டாள். நொங்கு வண்டி ஒரு மணி நேரத்தில் நாலைந்து வட்டம் தந்தது; இது ஒரு நிமிடத்தில் நூறு முக்கோணம் தருகிறது. ஆனால் நூறு முக்கோணம் பார்ப்பதால் மட்டும் ‘ஏன் 180’ என்பதற்கு விடை வராது. அதற்குத் தாளில் முக்கோணம் வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து ஒரு கோட்டில் ஒட்ட வேண்டும். பிறகு இணைகோடு வரைந்து நிறுவ வேண்டும். திரை சந்தேகத்தைக் கிளப்பும். அதைத் தீர்ப்பது கையும் தாளும்தான். இரண்டும் சேர்ந்த வகுப்பு, இரண்டில் ஒன்று மட்டும் உள்ள வகுப்பைவிடச் சிறந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

அறிவியலுக்கு இதே இடத்தில் இருப்பது ஃபெட். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மின்சுற்று, மிதத்தல், ஊசல் என்று பிள்ளையே மாற்றிப் பார்க்கக்கூடிய பாவனைகள். பலவற்றுக்குத் தமிழ் வடிவம் உண்டு. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும்.

இரண்டாவது கேள்வி, கடைசி வரிசை. இன்று பிரபலமான வினாடி வினா விளையாட்டுகளில் பல, வேகமாகப் பதில் சொல்பவருக்கு அதிகப் புள்ளி தருகின்றன. நார்வேயிலிருந்து வந்த கஹூட்டின் வழக்கமான ஆட்டமும் அப்படித்தான். வகுப்பில் கலகலப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் மெதுவாக யோசிக்கும் பிள்ளை இரண்டாவது கேள்வியிலேயே பட்டியலின் அடிக்குப் போய்விடும். மூன்றாவது கேள்வியில் யோசிப்பதையே விட்டுவிட்டு ஏதோ ஒன்றை அழுத்தும். போதாக்குறைக்கு ஆளுக்கொரு கருவி வேண்டும். நம் வகுப்புகளில் அது நடக்கிற காரியமில்லை.

நம் வகுப்புக்குப் பொருந்துவதாக நான் கண்டது ப்ளிக்கர்ஸ். ஆசிரியரிடம் ஒரு கைப்பேசி போதும். பிள்ளைகளிடம் இருப்பது வெறும் தாள் அட்டை. ஒவ்வொரு அட்டையிலும் வெவ்வேறு கறுப்புக் கட்ட வடிவம். நான்கு பக்கத்திலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. தான் நினைக்கும் விடை மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் கைப்பேசிக் கேமராவை வகுப்பின் குறுக்கே நகர்த்தினால் யார் என்ன சொன்னார்கள் என்று பதிந்துவிடும். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுத முடியாது. அவன் அட்டையின் வடிவமே வேறு. அவசரமும் இல்லை, எல்லாரும் திருப்பி முடிக்கும்வரை காத்திருக்கலாம்.

ஆறாம் வகுப்பில் முழுக்கள் பாடம். “–7, –3, இதில் எது பெரியது?” என்று கேட்டு, –3 என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது, முதல் வரிசையில் நன்றாகப் படிக்கும் பெண் தூக்கினாள், அடுத்த நொடி வகுப்பே தூக்கியது. அதே கேள்வியை மறுநாள் எண்ணை மாற்றி அட்டையில் கேட்டபோது திரையில் வந்த பட்டை வரைபடம் வேறு கதை சொன்னது. பாதிக்கு மேல் தவறான விடை. கை தூக்கச் சொல்லும் பழக்கம் எத்தனை பிள்ளைகளின் குழப்பத்தை மறைத்து வைத்திருந்தது என்பதை அந்த வரைபடம் காட்டிக்கொடுத்தது. அதன்பிறகு கைப்பேசியைப் பைக்குள் போட்டாயிற்று. ஆற்றுப் படித்துறையைப் பேசினோம். தண்ணீர் மட்டம் பூஜ்யம். தண்ணீருக்குள் மூன்றாம் படியில் நிற்பவன், ஏழாம் படியில் நிற்பவன், இவர்களில் மேலே இருப்பவன் யார்? தினமும் குளிக்கிற படித்துறை. சொல்லி முடிப்பதற்குள் விடை வந்தது. மறுபடி அட்டையைத் தூக்கியபோது பட்டை இடம் மாறியிருந்தது. கருவி செய்தது நோயைக் காட்டியது. மருந்து ஆசிரியரிடம் இருந்தது. இலவசப் பதிப்பில் ஒரு தொகுப்புக்கு ஐந்து கேள்வி என்று அந்தச் செயலி வரம்பு வைத்திருந்தது. ஒரு பாடவேளைக்கு அதுவே தாராளம்.

மூன்றாவது கேள்விதான் இன்றைக்கு மிகக் கனமானது. நாளைக்கு இது இல்லாமல் போனால்?

எட்மோடோ என்ற வகுப்பறைத் தளத்தை உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்தினார்கள். 2022 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். கூகுளின் ஜாம்போர்டு வெண்பலகை 2024 டிசம்பர் 31உடன் நின்றது. ஜியோஜீப்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2021 டிசம்பரில் பைஜூஸ் நிறுவனம் அதை வாங்கியது, 2024இல் பைஜூஸே திவால் நடவடிக்கைக்குள் போனது. மென்பொருளை மடிக்கணினியில் இறக்கி வைத்திருந்த பள்ளிக்கு அந்தச் செய்தியால் எந்தப் பாதிப்பும் இல்லை. இணையத்தில் மட்டும் வைத்திருப்பவருக்குத்தான் கவலை. நம் தமிழுக்கு இந்த அனுபவம் முன்பே உண்டு. வானவில், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் ஆசிரியர்கள் வினாத்தாள் தட்டச்சு செய்த காலம் இருந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. அந்தப் பழைய எழுத்துரு இல்லாத கணினியில் பழைய கோப்பைத் திறந்தால் இன்று ஆங்கில எழுத்தும் குறியீடுகளும்தான் வருகின்றன. உழைப்பு வீணாகவில்லை, மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றியைத் தேடி உட்கார எத்தனை பேருக்கு நேரம் இருக்கிறது?

கருவியை யாரும் மூடாவிட்டாலும் அது கைக்கு எட்டாமல் போவது உண்டு. மலையும் மழையும் உள்ள மாவட்டம் நம்முடையது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது கைப்பேசி வழி வகுப்பு என்றார்கள். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் சிக்னல் கிடைப்பதே அரிதாக இருந்தது. சமவெளியிலும் வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அப்போது பல வீடுகளை எட்டியது கல்வித் தொலைக்காட்சிதான். அடுத்த பாடம் 2023 டிசம்பர் 17, 18இல் வந்த பெருவெள்ளம். குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது, திருநெல்வேலி ஜங்ஷன் வட்டாரத்தில் தண்ணீர் நின்றது, மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் பல ஊர்களில் அறுந்தன. அந்த நாட்களில் கைப்பேசிக்குள் இறக்கி வைத்த பாடம்கூட சார்ஜ் இருக்கும்வரைதான். அதற்காக மின்கருவியே வேண்டாம் என்று சொல்ல நான் ஆளில்லை. முன்கூட்டி இறக்கி வைக்க முடிகிற கருவி, எப்போதும் இணையம் கேட்கும் கருவியைவிட நமக்கு ஒரு படி மேல் என்கிறேன். தீக்‌ஷா பாடங்களை இறக்கி வைக்கலாம். கிவிக்ஸ் என்ற மென்பொருள் வழியே தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு பென்டிரைவில் போட்டு, இணையமே இல்லாத பள்ளியில் திறக்கலாம். நூலகம் இல்லாத நடுநிலைப் பள்ளிக்கு இது எத்தனை பெரிய கொடை!

தலைமையாசிரியர் காலத்தில் தேவைப்படாத இரண்டு கேள்விகளை இப்போது சேர்த்தாக வேண்டும். புளியமுத்து எந்தப் பிள்ளையின் பெயரையும் கேட்டதில்லை. இன்றைய செயலி பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் கைப்பேசி எண், சில நேரம் இருப்பிடம், புகைப்படம் எல்லாம் கேட்கிறது. எனவே நான்காவது கேள்வி: இது பிள்ளையிடமிருந்து என்ன எடுத்துக்கொள்கிறது? 2022 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து, அவற்றில் 89 சதவீதம் குழந்தைகளின் உரிமைக்கு ஆபத்து விளைவிக்கும் அல்லது ஊறு செய்யும் வகையில் தரவைக் கையாண்டதாகச் சொன்னது. நம் தீக்‌ஷாவும் அந்த ஆய்வில் இருந்தது. 2023இல் இந்தியாவில் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். ஆசிரியர் இன்றே செய்யக்கூடியது உண்டு: பெயருக்குப் பதில் வரிசை எண் போடுவது, பிள்ளையின் படத்தை ஏற்றாமல் இருப்பது, பெற்றோர் எண் கேட்கும் இலவசச் செயலியை ஒதுக்குவது. ப்ளிக்கர்ஸ் அட்டைக்கு எண் மட்டும் கொடுத்தாலே வேலை நடக்கும்.

ஐந்தாவது கேள்வி: நான் உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடியுமா? ஒரு வருடம் உட்கார்ந்து எழுதிய வினாக்கள், பிள்ளைகளின் விடைகள், அவர்கள் வரைந்த படங்கள், இவற்றை ஒருங்குறித் தமிழில் ஒரு கோப்பாக, அட்டவணையாக, பிடிஎஃப் ஆக இறக்க முடிந்தால் அந்தத் தளம் நாளை மூடினாலும் கவலையில்லை. முடியாது என்றால், முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இதே ஐந்து கேள்விதான். வினாத்தாள் கேட்டால் அரை நிமிடத்தில் அழகான தமிழில் தருகிறது. அந்த அழகை நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு விடையையும் பாடநூலோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். வாக்கியம் சரளமாக இருக்கும் இடத்திலேயே தகவல் பிசகியிருக்கலாம். ஆசிரியரின் வேலைப்பளுவைக் குறைக்க அது உதவட்டும். பிள்ளை யோசிக்க வேண்டிய இடத்தில் அது யோசித்துக் கொடுத்தால், யோசனை யார் கையில் இருக்கிறது என்ற முதல் கேள்வியிலேயே அது தோற்கிறது.

இதையெல்லாம் ஓர் ஆசிரியர் தனியாகச் செய்ய முடியாது. ஒவ்வொரு செயலியையும் இறக்கி, சொந்த ரீசார்ஜில் ஓட்டிப் பார்த்து, வகுப்பில் சோதிக்க எவருக்கும் நேரம் போதாது. அதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது: குறுவள மையக் கூட்டம். பத்துப் பதினைந்து பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒன்றாக உட்காரும் இடம். ஒவ்வொரு கூட்டத்திலும் அரை மணி நேரத்தை ஒரே ஒரு இலவசக் கருவிக்கு ஒதுக்கலாம். அதைத் தன் வகுப்பில் பயன்படுத்திய ஆசிரியர் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரட்டும். எந்த வகுப்பு, எந்தப் பாடம், கருவிக்கு முன் பிள்ளைகள் என்ன பதில் சொன்னார்கள், பின் என்ன சொன்னார்கள், எங்கே தடுமாறியது, இணையம் எவ்வளவு தின்றது, பிள்ளையின் எந்த விவரத்தைக் கேட்டது, போட்டதை எடுக்க முடிந்ததா. பலிக்காத கருவியைப் பற்றியும் எழுத வேண்டும். அடுத்த பள்ளிக்கு அதுதான் அதிக உதவி. ஒரு கல்வியாண்டு முடியும்போது அந்தப் பக்கங்கள் ஒரு நல்ல கையேடாகிவிடும். அம்பாசமுத்திரத்தில் எழுதியது ராதாபுரத்துக்கும் தென்காசிக்கும் பயன்படும்.

எந்த நிறுவனமும் தன் கருவி உங்கள் ஆறாம் வகுப்பின் கடைசி வரிசையில் என்ன செய்தது என்று சோதித்துச் சொல்லப் போவதில்லை. அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தினமும் பார்ப்பவர் ஆசிரியர் ஒருவர்தான். எனவே அந்த மதிப்பீட்டை எழுதும் உரிமையும் கடமையும் அவருடையவை. வருகிற ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் குறுவள மையக் கூட்டத்திலேயே இதைத் தொடங்குங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.